பறவைப் பெயர்களில் உறையும் வரலாறு

கல்முனையிலிருந்து சம்மாந்துறை நோக்கிச் செல்லும் பாதையின் இருமருங்கிலும் விரிந்து கிடக்கும் வயல் வட்டைகளிலே உழைப்போருக்குப் பறவைகள் அந்நியமானவை அல்ல. ஆளைக் கண்ட மாத்திரத்தில் அலறிக்கொண்டு எழும் ஆட்காட்டி, சேற்றைத் துழாவி நத்தையை எடுக்கும் நாரை, வரம்போர மரங்களிற் கூடுகளைத் தொங்கவிடும் தூக்கணாங்குருவி, எருமையின் முதுகில் வந்தமரும் இரட்டைவால் குருவி ஆகியவற்றை முல்லைக்காரனின் பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு வருமுன்னரே அறிந்திருக்கின்றது. அதே பிள்ளை உயர்தர வகுப்பில் உயிரியல் பயிலும்போது இலத்தீனிலும் கிரேக்கத்திலும் அமைந்த விஞ்ஞானப் பெயர்களை எதிர்கொள்கின்றது. பொருள் விளங்காத அப்பெயர்களை மந்திரம்போல மனனஞ் செய்கின்றது. பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகின்றது. வயலிற் கற்ற பெயருக்கும் வகுப்பிற் கற்ற பெயருக்கும் இடையே தொடர்பேதும் உண்டென அதற்கு எடுத்துரைப்பார் மிகச் சிலரே.

விஞ்ஞானப் பெயர்கள் மந்திரங்கள் அல்ல. மனிதர் வைத்த பெயர்கள் அவை. ஒரு குறிப்பிட்ட காலத்தில், குறிப்பிட்ட நலன்களோடு, குறிப்பிட்ட மனிதர்களின் உழைப்பைத் துணைக்கொண்டு வைக்கப்பட்டவை. ஆகவே அவற்றைக் கல்வெட்டுக்களைப் போலவும் செப்பேடுகளைப் போலவும் வரலாற்றுச் சான்றுகளாக வாசிக்க முடியும். அவ்வாறு வாசிப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சுவீடன் தேசத்து இயற்கையியலாளரான லின்னேயஸ் 1758 ஆம் ஆண்டில் தமது ‘இயற்கையின் ஒழுங்குமுறை’ என்னும் நூலின் பத்தாம் பதிப்பை வெளியிட்டார். விலங்குகள் யாவற்றிற்கும் இருசொற் பெயரீட்டு முறையை ஒழுங்காகக் கையாண்ட அந்நூலே இன்றுவரை விலங்கியற் பெயரீட்டின் தொடக்க எல்லையாகக் கொள்ளப்படுகின்றது. முதற்சொல் சாதியைக் குறிக்கும். இரண்டாஞ் சொல் இனத்தைக் குறிக்கும். ஓரினத்துக்கு முறைப்படி முதலில் இடப்பட்ட பெயரே நிலைக்கவேண்டும் என்பது இப்பெயரீட்டின் அடிப்படை விதி. பெயர் பொருந்தாதது என்பதற்காகவோ, பிழையான தகவலிற் பிறந்தது என்பதற்காகவோ பிற்காலத்தார் அதனை நீக்கிவிட முடியாது.

இம்முறையின் பயனை மறுப்பது அறிவுடைமையாகாது. ‘நாரை’ என்ற ஒரே சொல் நம்மிடையே பலவகைப் பறவைகளைச் சுட்டுகின்றது. ஒரே பறவைக்கு மன்னாரில் ஒரு பெயரும் மட்டக்களப்பில் இன்னொரு பெயரும் வழங்கலாம். ஜப்பானிய மாணவனும் பிறேசில் நாட்டு ஆசிரியரும் அம்பாறைக் கமக்காரனின் மகளும் ஒரே உயிரினத்தைப் பற்றிப் பேசுகின்றோம் என்ற உறுதியோடு பேச வேண்டுமாயின் பொதுப்பெயர் ஒன்று தேவை. விஞ்ஞானப் பெயர் அந்த வகையில் மனித குலத்தின் பொதுச் சொத்து. ஆனால், பொதுச் சொத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. அதனை யார் திரட்டினர், யார் பெயரிற் பதிந்தனர் என்று கேட்கும் உரிமை நமக்கு இருக்கின்றது.

முதலில், தொழிலையும் இயல்பையும் கொண்டு அமைந்த பெயர்களை நோக்குவோம். தூக்கணாங்குருவியின் விஞ்ஞானப் பெயர் ‘புளோசியஸ் பிலிப்பினஸ்’. ‘புளோசியஸ்’ என்பது நெசவாளனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. கைத்தறியாற் பெயர்பெற்ற மருதமுனையிலே இதனை விளக்க ஆசிரியர் அதிகம் பாடுபட வேண்டியதில்லை. நெல்லோலையைக் கிழித்து, நாரை நாருக்குள் நுழைத்து, முடிச்சிட்டு இழுக்கும் அக்குருவியின் வேலையைக் கண்ட கிரேக்க மொழியறிஞனுக்கும் தறி நினைவுக்கு வந்தது என்றால் மாணவர் உடனே புரிந்துகொள்வர். ஐரோப்பியர் நெய்தலைக் கண்டனர். நமது முன்னோர் தொங்குதலைக் கண்டு ‘தூக்கணம்’ என்றனர். இரண்டும் கூர்ந்து நோக்கியதன் விளைவுகளே.

ஆட்காட்டியின் சாதிப்பெயர் ‘வனெல்லஸ்’. இலத்தீனில் ‘வன்னஸ்’ என்பது சுளகு. அதன் சிறுமைப் பெயரே வனெல்லஸ். அகன்ற சிறகுகளை அடித்துப் பறக்கும் இப்பறவைகளைக் கண்டவர்க்குக் களத்திலே பதர் பிரிக்கும் சுளகின் அசைவு நினைவுக்கு வந்தது. உழவரின் வீட்டுப் பொருளொன்று இலத்தீனுக்குள் ஒளிந்து நிற்கின்றது. நமது மக்களோ அதன் குரலைக் கருதினர். வயலுக்குள் ஆள் புகுந்ததைக் காட்டிக்கொடுப்பதால் ஆட்காட்டி. இராக்காவல் புரிந்த மனிதனின் அனுபவம் அப்பெயரில் உள்ளது.

நத்தைகுத்தி நாரையை விஞ்ஞானிகள் ‘அனஸ்தோமஸ் ஒசித்தான்ஸ்’ என்பர். முதற்சொல் கிரேக்கம், மற்றது இலத்தீன். முன்னது அகலத் திறந்த வாயையும் பின்னது கொட்டாவி விடுதலையும் சுட்டும். அலகை மூடினாலும் நடுவே இடைவெளி தெரியும் அதன் தோற்றமே இப்பெயருக்குக் காரணம். பறவையின் உருவத்தைப் பார்த்தவன் கொட்டாவி என்றான். அது செய்யும் வேலையைப் பார்த்தவன் நத்தைகுத்தி என்றான். கரைவலை இழுக்கும் இடங்களில் வட்டமிடும் செம்பருந்துக்கு ‘ஹலியாஸ்தர் இன்டிகஸ்’ என்று சொல்லத் தோன்றும். சரியான பெயர் ‘ஹலியாஸ்தர் இண்டஸ்’. கடலோடு தொடர்புடைய பருந்து, இந்திய நிலத்துக்குரியது என்பது பொருள். இரட்டைவால் குருவியின் ‘டைகுரூரஸ்’ என்ற சாதிப்பெயர் பிளவுபட்ட வால் என்றே பொருள்படும். ஏதென்சு நகரத்துச் சொல்லும் நமது வயற்காட்டுச் சொல்லும் இங்கே ஒன்றாகி விடுகின்றன.

எல்லாப் பெயர்களும் இவ்வாறு பொருந்தி அமையவில்லை. குயிலின் இனப்பெயர் ‘ஸ்கொலொப்பேசியஸ்’. உள்ளான் போன்றது என்பது அதன் பொருள். குயிலைப் பற்றி உலகுக்குச் சொல்ல வேறொன்றும் இல்லையா என்று நாம் வியக்கலாம். புள்ளிகள் நிறைந்த பெண்குயிலின் இறகு உள்ளானின் இறகை ஒத்திருப்பதே காரணம். பதப்படுத்திய தோலிலும் படத்திலும் இறகு இருக்கும், குரல் இராது. ஐரோப்பிய நூலகங்களிலிருந்து நமது பறவைகளுக்குப் பெயரிட்ட பலர் அவற்றை உயிருடன் கண்டவர்கள் அல்லர். கப்பலேறி வந்த தோலும் ஓவியமும் பிறர் எழுதிய குறிப்புமே அவர்களுக்குக் கிடைத்த சான்றுகள்.

தூக்கணாங்குருவியின் இரண்டாஞ் சொல் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. ‘பிலிப்பினஸ்’ என்றால் பிலிப்பைன் தீவுகளுக்குரியது. ஆனால் இக்குருவி அத்தீவுகளில் வாழ்வதில்லை. பிரெஞ்சு அறிஞர் பிறிசோன் தமக்குக் கிடைத்த மாதிரி அங்கிருந்து வந்ததெனக் கருதினார். அவர் நூலை ஆதாரமாகக் கொண்டு லின்னேயஸ் 1766 இல் அப்பெயரைச் சூட்டினார். பின்வந்த ஆய்வாளர் அதன் மூல இடத்தை இலங்கை எனத் திருத்தினர். இடம் திருத்தப்பட்டது, பெயர் திருத்தப்படவில்லை. நமது வயலோரக் குருவி 250 ஆண்டுகளுக்கு மேலாக அயல்தேசத்து முகவரியோடு உலகெங்கும் அறியப்பட்டு வருகின்றது.

இனி, மனிதர் பெயர்களைத் தாங்கிய பறவைகளுக்கு வருவோம். வர்க்க வரலாறு மிகத் தெளிவாகத் துலங்குவது இங்கேதான்.

நீண்டு வளைந்த அலகுடைய தேன்சிட்டு ஒன்று ‘சின்னிரிஸ் லொத்தேனியஸ்’ எனப்படுகின்றது. ஒல்லாந்த கிழக்கிந்தியக் கம்பனியின் சார்பில் 1752 முதல் 1757 வரை இலங்கையின் தேசாதிபதியாக இருந்த யோன் கிடியோன் லோட்டனின் பெயர் அது. லோட்டன் இயற்கையில் ஈடுபாடுடையவர் என்பது உண்மை. ஆயினும் அவர் திரட்டிய பறவை ஓவியங்களை வரைந்த கை இன்னொருவருடையது. ஒல்லாந்த, இலங்கைக் கலப்புக் குருதியிற் பிறந்த பீட்டர் கொர்னேலிஸ் டி பெவர் என்ற ஓவியரே லோட்டனுக்காக அவற்றைத் தீட்டியவர். அவ்வோவியங்கள் ஐரோப்பாவுக்குச் சென்றன. அவற்றை ஆதாரமாகக் கொண்டு பிரித்தானியரான தோமஸ் பெனன்ட் 1769 இல் ‘இந்திய விலங்கியல்’ என்ற நூலை வெளியிட்டார். ஆசியாவுக்கு ஒருபோதும் வராத அவர், அம்பாறை மாவட்டத்தின் தென்கோடியிலுள்ள குமணவுக்கு இன்று புகழ்சேர்க்கும் மஞ்சள்மூக்கு நாரைக்கு வெண்தலைப் பறவை எனப் பொருள்படும் ‘லூக்கோசெபலா’ என்ற பெயரை இட்டார். செம்மஞ்சள் நிறமான வெறுந்தோல் மூடிய முகத்தையுடைய நாரைக்கு வெண்தலை என்ற பெயர் எவ்வளவு பொருந்தும் என்பதைக் குமண வில்லுக்குச் சென்று பார்ப்போர் தாமே தீர்மானிக்கலாம். தேசாதிபதி தேன்சிட்டின் பெயரில் வாழ்கின்றார். தூரிகை பிடித்த டி பெவரின் பெயரை ஆய்வாளர் மட்டுமே அறிவர்.

மலைநாட்டுக் காடுகளில் வாழும், இலங்கைக்கே உரிய புறா ஒன்றுண்டு. அதன் பெயர் ‘கொலம்பா தொரிங்டோனியே’. சொல்லின் ஈறு பெண்பாலைக் காட்டுகின்றது. 1847 முதல் 1850 வரை பிரித்தானியத் தேசாதிபதியாக இருந்த தொரிங்டன் பிரபுவின் மனைவியைச் சிறப்பிக்க 1850களில் இடப்பட்ட பெயர் அது. அந்தப் பிரபுவின் ஆட்சியை நமது நாட்டு மக்கள் வேறு காரணத்தால் நினைவில் வைத்திருக்கின்றனர். துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, வீதி வேலைக்குக் கட்டாய உழைப்பு அல்லது பணம் என்று குடியானவர் மீது சுமை ஏற்றப்பட்டது. 1848 இல் மாத்தளையிலும் குருநாகலிலும் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். இராணுவச் சட்டம் பிரகடனஞ் செய்யப்பட்டது. வீரபுரன் அப்பு அவ்வாண்டு ஆகஸ்ட் 8 ஆம் திகதி கண்டியிற் சுட்டுக்கொல்லப்பட்டான். பௌத்த பிக்கு ஒருவர் காவியுடையுடனேயே சுடப்பட்டார். இக்கொடுமைகள் பிரித்தானியப் பாராளுமன்றத்திலேயே விசாரணைக்கு உள்ளாக, 1850 இல் தொரிங்டன் திருப்பியழைக்கப்பட்டார். அம்மனைவி எக்குற்றமும் இழைத்தவரல்லர். எனினும், சமாதானத்தின் சின்னமாக உலகத் தொழிலாளர் உயர்த்திப் பிடித்த பறவையின் இனத்திலே, இந்நாட்டுக்கே உரிய ஒன்று, அந்த ஆட்சியின் பெயரைச் சுமந்து பறக்கின்றது.

தோட்டத்துரைமாரும் விடுபடவில்லை. மலைக்காட்டின் ஓடைக்கரைகளில் வாழும் சீழ்க்கைப் பறவையொன்று ‘மயோபோனஸ் பிளைகி’ எனப்படும். 1868 இல் அறியப்பட்டு 1872 இல் விவரிக்கப்பட்ட இப்பறவை, சாமுவேல் பிளை என்ற கோப்பித் தோட்டத்துரையின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அவர் பறவைகளை நேசித்தவராக இருக்கலாம். ஆனால் அவர் சார்ந்திருந்த வர்க்கமே மலைக்காடுகளை அழித்துக் கோப்பி நட்டது. தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து ஏழைகளை மன்னார் வழியாக மாத்தளைக்கு நடத்திக் கொண்டுவந்து அக்காடுகளை வெட்டுவித்தது. அந்நடையிற் பாதையோரத்தில் மடிந்தவர்களின் பெயர்கள் எந்தப் பறவைக்கும் இடப்படவில்லை. காடு சுருங்கியதால் அழிவின் விளிம்புக்குத் தள்ளப்பட்ட இனங்களுள் ஒன்றாக அப்பறவை இன்று எண்ணப்படுகின்றது.

நமது தேசியப் பறவையான காட்டுக்கோழியின் பெயர் சற்று வேறுபட்ட கதையைக் கூறுகின்றது. ‘கல்லஸ் லபாயெத்தி’ என்ற பெயரை 1831 இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் லெசோன் சூட்டினார். அமெரிக்க விடுதலைப் போரிற் பங்குகொண்டவரும், 1789 இல் மனித உரிமைப் பிரகடனத்தின் வரைவைப் பிரெஞ்சுச் சபையில் முன்வைத்தவருமான லபாயெத்தே அதன் நாயகர். பெயர் இடப்படுவதற்கு முந்திய ஆண்டில் பாரிஸ் மக்கள் ஒரு மன்னனைத் துரத்தியிருந்தனர்; முதிய லபாயெத் அப்புரட்சியில் முன்னணியில் நின்றார். ஆகவே அப்பெயரில் ஓர் அரசியல் உணர்ச்சி இருப்பதாகக் கொள்ளலாம். எனினும் 1791 இல் அவர் தலைமையில் நின்ற தேசியக் காவற்படையே பாரிஸ் மைதானத்தில் மக்கள் மீது சுட்டது என்பதையும் மறத்தலாகாது. முதலாளித்துவப் புரட்சியின் இரு முகங்களும் அம்மனிதரில் உள்ளன. அன்னிய ஆட்சியில் அடிமைப்பட்டிருந்த தீவின் காட்டுக்கோழிக்கு, அத்தீவாருக்குக் கிடைக்காத உரிமைகளைப் பிரகடனஞ் செய்தவரின் பெயர் வாய்த்தது.

இத்தனை பிரபுக்களுக்கும் துரைமாருக்கும் நடுவே ஒரு வேலைக்காரனின் பெயரும் உண்டு.

எட்கார் லெயாட் என்ற ஆங்கிலேயர் 1846 இல் இலங்கைக்கு வந்து, இங்கு அரசுப்பணி புரிந்தவாறு பறவைகளைத் திரட்டினார். பழைய நினிவே நகரை அகழ்ந்த ஒஸ்டின் ஹென்றி லெயாட் இவருடைய தமையனார். லெயாட்டிடம் முத்து என்ற ஊழியர் இருந்தார். பருத்தித்துறையிற் கிடைத்த, பழுப்பு மார்புடைய சிறிய ஈப்பிடிப்பான் ஒன்றை விவரித்த லெயாட், 1854 இல் அதற்கு முத்துவின் பெயரை இட்டார். இன்று அதனை ‘மஸ்கிகாப்பா முத்துயி’ என வழங்குகின்றனர். தமது சிறந்த பறவைகள் பலவற்றுக்கு முத்துவின் பொறுமையான உழைப்புக்கே தாம் கடன்பட்டிருப்பதாக லெயாட் ஒப்புக்கொண்டார். ‘முத்துயி’ என்பதன் ஈறு இலத்தீனின் ஆறாம் வேற்றுமை. தமிழிற் சொன்னால் ‘முத்துவின்’ பறவை.

இங்கே சிந்திக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, முத்து ஒருவர் அல்லர். ஐரோப்பிய நூல்களில் நிறைந்துள்ள பறவைகளுக்குப் பின்னால் மரமேறியவர், கண்ணி வைத்தவர், சதுப்பில் இறங்கியவர், கூடு இருக்கும் இடத்தைக் காட்டியவர் என எத்தனையோ பேர் நிற்கின்றனர். அவர்களுடைய அறிவு கூலியோடு வாங்கப்பட்டது. நூல்களில் அது துரைமாரின் கண்டுபிடிப்பாயிற்று. இரண்டாவது, விஞ்ஞானப் பெயரிலே முத்து நின்றாலும், ஆங்கிலப் பொதுவழக்கில் அதே பறவை ‘லெயாட்டின் ஈப்பிடிப்பான்’ என்று நெடுங்காலம் வழங்கப்பட்டது. எசமானன் தானே விரும்பி அளித்த கௌரவத்தைக்கூட எசமான வர்க்கத்தின் மொழி மீண்டும் எசமானனுக்கே திருப்பிக்கொண்டது. ஆனால், பெயரீட்டு விதியின் இறுக்கம் இங்கே நன்மை செய்தது. தொரிங்டனை நீக்கவிடாத அதே விதி முத்துவையும் எவராலும் நீக்க முடியாதபடி காத்து நிற்கின்றது. வடக்கேயுள்ள மலைநாடுகளில் இனம்பெருக்கிக் குளிர்காலத்தைத் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கழிக்கும் அச்சிறு பறவை, எல்லைகள் பல கடந்து ஒரு தமிழ்ப் பெயரைச் சுமந்து செல்கின்றது.

மனிதர் மாத்திரமல்ல, கிழக்கத்திய மொழிகளும் இலத்தீன் உடைதரித்து நிற்கின்றன. அந்தியிலும் விடியலிலும் ஒலிப்பதால் நாம் ஆறுமணிக்குருவி என்றழைக்கும் பறவையின் சாதிப்பெயரான ‘பிட்டா’ தெலுங்குச் சொல். குருவி என்பதே பொருள். செம்முகப் பூங்குயிலுக்கு ஆங்கிலேயர் வழங்கும் ‘மல்கோஹா’ சிங்களம். மலரும் குயிலும் சேர்ந்த சொல். குண்டுகரிச்சானின் இனப்பெயர் ‘சௌலாரிஸ்’. இதனைச் சூரியனோடு தொடர்புடைய இலத்தீன் சொல்லென மயங்கிய பிரெஞ்சுக்காரர் அதற்கு நிழற்கடிகாரம் என்றே பெயரிட்டுவிட்டனர். உண்மையில் அது நூறு பாட்டு எனப் பொருள்படும் ‘சௌலாரி’ என்ற ஹிந்திச் சொல். சென்னையிலிருந்த வைத்தியர் எட்வேட் பல்க்லி இப்பெயரோடு அப்பறவையை இலண்டனுக்கு அனுப்ப, 1713 இல் அச்சான ஜோன் ரேயின் நூல் வழியாக அது ஐரோப்பிய அறிவுலகிற் புகுந்தது. பாடும் பறவையைப் பாட்டால் அறிந்த மக்களின் சொல்லை, பாட்டைக் கேளாதவர்கள் கடிகாரமாக்கினர்.

நமது கரையோர முஸ்லிம் ஊர்களின் சிறுவர்க்கு மிக நெருக்கமான பெயர் ஒன்றும் உண்டு. ஓதப்பள்ளியிலே சூரா அந்நம்லைக் கற்கும் பிள்ளை, சுலைமான் நபி (அலை) அவர்களுக்கு ஸபா நாட்டுச் செய்தியைக் கொணர்ந்த ஹுத்ஹுத் பறவையை அறியும். அப்பறவை வேறெதுவுமன்று, நமது கொண்டலாத்தியே. அதன் விஞ்ஞானப் பெயர் ‘உப்புப்பா எப்பொப்ஸ்’. இலத்தீனன் அதன் குரலை ‘உப்புப்பா’ என்று கேட்டான். கிரேக்கன் ‘எப்பொப்ஸ்’ என்று கேட்டான். அறபி ‘ஹுத்ஹுத்’ என்று கேட்டான். மூவரும் ஒரே குரலையே கேட்டனர். அதே சுலைமானின் கப்பல்கள் கொணர்ந்ததாக எபிரேய வேதம் கூறும் மயில்களின் பெயர், தமிழின் ‘தோகை’யிலிருந்து பிறந்ததெனக் கால்டுவெல் 1856 இல் வெளியான தமது ஒப்பிலக்கண நூலிற் கருத்துரைத்தார். கடல்வழி வாணிபம் மிளகையும் முத்தையும் மட்டுமே சுமந்து செல்லவில்லை, சொற்களையும் சுமந்தது.

மேற்கூறிய பிளையின் பறவை அறியப்பட்டு 136 ஆண்டுகளின் பின், 2004 இல், இலங்கைக்கே உரிய புதிய ஆந்தையொன்று உலகுக்கு அறிவிக்கப்பட்டது. இம்முறை அதன் குரலைக் காட்டிற் கேட்டுத் தேடிக் கண்டவர் இந்நாட்டவரான தீபால் வரக்காகொட. அவரும் பமேலா ராஸ்முசனும் அதற்கு ‘ஒத்தஸ் திலோஹொஃப்மன்னி’ எனப் பெயரிட்டனர். 1970களில் சிங்கராஜ வனத்தை மரவெட்டிலிருந்து காக்கப் போராடிய, சுவிஸ் நாட்டிற் பிறந்த திலோ ஹொஃப்மனின் பெயர் அது. காட்டை வெட்டிய வர்க்கத்தின் பெயரிலிருந்து காட்டைக் காத்தவரின் பெயருக்கு வந்து சேர ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு பிடித்தது. அறபியர் இத்தீவுக்கு இட்ட ‘ஸரந்தீப்’ என்ற பழம்பெயரும் அந்த ஆந்தையின் ஆங்கிலப் பெயரிற் சேர்ந்துகொண்டது.

அடிமை வாணிபத்தோடும் குடியேற்றவாதத்தோடும் தொடர்புடையோரின் பெயர்களைப் பறவைகளிலிருந்து அகற்ற வேண்டுமென்ற குரல் இன்று பல நாடுகளில் எழுந்துள்ளது. மனிதர் பெயர்களைத் தாங்கிய ஆங்கிலப் பறவைப் பெயர்களைத் தனது எல்லைக்குள் மாற்றப் போவதாக அமெரிக்கப் பறவையியற் சங்கம் 2023 நவம்பரில் அறிவித்தது. விஞ்ஞானப் பெயர்களை அவ்வாறு மாற்ற விலங்கியற் பெயரீட்டுக்கான சர்வதேச ஆணைக்குழு அதே ஆண்டில் இணங்கவில்லை. பெயர்கள் நிலையாக இருத்தல் விஞ்ஞானத்துக்கு இன்றியமையாதது என்பது அதன் வாதம்.

என் கருத்தில், தொரிங்டனின் பெயர் அப்புறாவில் இருந்துவிட்டுப் போகட்டும். அதைப் படிக்கும் மாணவன் 1848 ஐயும் சேர்த்துப் படிக்க வேண்டும். பெயரை அழிப்பதால் வரலாறு நீதியடைந்துவிடாது; பெயரின் கதையைச் சொல்லாமல் விடுவதே அநீதியைத் தொடரச் செய்யும். முத்துவைப் பற்றி நமது பாடநூல்களிற் பேசுவதற்கு எந்தச் சர்வதேச ஆணைக்குழுவின் அனுமதியும் தேவையில்லை.

ஆசிரியர்களாகிய நாம் செய்யக்கூடியது இன்னொன்றும் உண்டு. வயலிலும் களப்பிலும் கடற்கரையிலும் வாழ்ந்த முதியோர் வழங்கிய பறவைப் பெயர்கள் பல இன்னும் ஏட்டில் ஏறவில்லை. உழவு இயந்திரம் வந்தபின் வயலில் மனிதர் தங்கும் நேரம் குறைந்துவிட்டது. பரணில் விடியும்வரை விழித்திருந்து பறவையின் குரலை இனங்கண்ட தலைமுறை முதுமையடைந்துவிட்டது. மாணவர் தத்தம் மூத்தவாப்பாவிடமும் மூத்தம்மாவிடமும், அயலூர்த் தமிழ்ப் பாட்டன்மாரிடமும், சிங்களக் கிராமத்தவரிடமும் கேட்டு அப்பெயர்களை எழுதட்டும். சொன்னவரின் பெயரையும் ஊரையும் தவறாது பக்கத்திற் குறிக்கட்டும். அருகே விஞ்ஞானப் பெயரையும் அதன் பொருளையும் எழுதிக்கொள்ளட்டும். முத்துவின் எசமானர் அரைகுறையாகச் செய்த நன்றியை, எசமானர் எவருமில்லாத நமது வகுப்பறைகள் முழுமையாகச் செய்ய முடியும்.